எதிரொலி குறைந்த இடம்

"அம்மணி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. என்ற நாக்கை அறுக்கறதுக்கு முந்தி சத்தம் விட்டுப் பாப்பீங்களா, அறுத்த பொறவு பாப்பீங்களா?"

"அறுத்த அப்புறந்தான் ஐயா. டாக்டர் கட்டியை எடுத்துட்டு, அதுக்குச் சுத்துவட்டாரத்துல இருந்து சின்னச் சின்னச் சீவலா எடுத்துக் குடுப்பார். அந்தச் சீவலைத்தான் நான் பாக்கறது."

"பாத்து?"

"எங்க கெட்டியா இருக்கு, எங்க மெத்துனு இருக்குன்னு சொல்றது. கட்டி அனேகமா கெட்டியா இருக்கும். நல்ல சதை மெத்துனு இருக்கும்."

ரத்தினசாமி சிரித்தார். வாயின் இடப்பக்கம் வலித்ததால் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"தர்பூசணியைத் தட்டிப் பாத்து வாங்கறதாட்டம்."

"அதேதான்."

"அப்ப உங்க பொழப்பும் எங்க பொழப்பும் ஒண்ணுதானுங்க!"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி லிங்கம்மா, "ஆமா, பெருமைதான்" என்றாள். "பாக்கை அதக்காதீங்க, அதக்காதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். அப்பக் காது கேக்கலை. இப்பச் சத்தத்தைப் பத்திப் பேச வந்துட்டாரு."

"அந்தப் பேச்சை இப்ப ஏலம் விட்டா எவனும் எடுக்க மாட்டான், விடு புள்ளே."

ரத்தினசாமிக்கு ஊர் ஹனூர்ப் பக்கம். பிழைப்பு குண்டலுபேட்டை காய்கறிச் சந்தையில். ஏலம் கூறுகிறவர். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்று அவர் குரல் எடுத்தால், கன்னடத்தில் தொடங்கும் விலை தமிழில் ஏறி, கேரளத்து வியாபாரியிடம் மலையாளத்தில் முடியும். ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு, "அதுக்கு மூச்சு வாங்காதே, என்ற மூச்சைப் பாத்துத்தானே ஆள் விலையை ஏத்தறான்" என்றாராம். லிங்கம்மாதான் சொன்னாள்.

ஆய்வுக்குச் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர், சீவலை அளக்கப்போகிற சொர்ணலதாவின் முகத்தை நேராகப் பார்த்தார். சிரிப்பு போயிருந்தது.

"பேச்சு மட்டும் நிக்கோணுமுங்க. கை ஒண்ணு போனாக்கூட ஏலம் விடலாம். நாக்கு போனா நான் வெறும் ஆளுங்க."

"டாக்டர் காளிதாஸ் கவனமாத்தான் செய்வார் ஐயா."

"அவரு கத்தி வெக்கறவரு. எங்க நிறுத்தோணும்னு சொல்றது நீங்கதானுங்களே?"

இல்லை, அது என் வேலை இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். விதி அப்படித்தான். வெட்டி எடுத்த ஓரத்தைக் குளிரில் உறைய வைத்துச் சீவி, சாயம் ஏற்றி, புற்றணு இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிறவள் நோயியல் மருத்துவர் மனிஷா. சொர்ணலதாவின் ஒலி நுண்ணோக்கி இன்னும் சோதனையில் இருக்கும் கருவி. அவள் அளந்து குறித்துக்கொள்ளலாம். மனிஷாவே தடுமாறி, வாய்விட்டுக் கேட்டால் மட்டும் சொல்லலாம். இதையெல்லாம் அந்த மனிதரிடம் எப்படி விளக்குவது? "பாத்துக்கறோம் ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

தசரா விடுமுறை முடிந்து அறுவை அறை திறந்த அன்றே அறுவை. ஊர்வலத்துக்குக் கட்டிய மூங்கில் தடுப்புகளைத் தெருவில் இன்னும் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் சீவல்கள் ஒவ்வொன்றாக வந்தன. எந்தப் பக்கம் வெளிப்பக்கம் என்று தெரிய ஒவ்வொன்றிலும் டாக்டர் ஒரு கறுப்பு நூல் தையல் போட்டிருந்தார். ஒவ்வொன்றிலும் பாதி மனிஷாவுக்கு, பாதி சொர்ணலதாவுக்கு. இருவர் மேசையும் ஒரே அறையில்தான். முன் ஓரம் சுத்தம். மேல் ஓரம் சுத்தம். கீழ் ஓரமும் சுத்தம். மனிஷா சுவரில் இருந்த பேசும் பெட்டியை அழுத்தி ஒவ்வொன்றாகச் சொல்ல, அறுவை அறையிலிருந்து காளிதாஸ், ஆயிற்று என்பதைக் கன்னடத்தில் "ஆய்து", "ஆய்து" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

பின் ஓரம் வந்தபோது மனிஷாவின் குரல் நின்றுபோனது.

"என்ன மனிஷா?"

"அக்கா, ஸ்வல்ப இருங்க." அவள் கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுக்கவில்லை. "கரெண்ட் கத்தி பட்டு ஓரம் பூரா கருகிக் கெடக்கு. அணுவெல்லாம் நசுங்கிப் போச்சு. இருக்குன்னும் சொல்ல முடியலை, இல்லைன்னும் சொல்ல முடியலை."

பெட்டி பேசியது. "மனிஷா, பின் ஓரம்?"

"சந்தேகம் சார்."

"சந்தேகம்னா நான் என்ன செய்யறது? இதுக்குப் பின்னால நாக்கோட அடி வேர். அதுல ஒரு பட்டை எடுத்தேன்னா இவர் பேசறது இவர் பெண்டாட்டிக்குக்கூடப் புரியாது. எடுக்காம விட்டு அங்க கட்டி மிச்சம் இருந்தா, ஆளே மிஞ்ச மாட்டார். ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

மனிஷா திரும்பினாள். "அக்கா, உங்க மெஷின் என்ன சொல்லுது? நான் கேக்கறேன். விதிப்படி கேக்கறேன்."

சொர்ணலதா தட்டுப் பெட்டியில் கடைசியாக இருந்த தட்டை எடுத்து வைத்திருந்தாள். கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தட்டு. அதன் மேல் சதைச் சீவல். சீவலைச் சுற்றி உப்புநீர். தட்டுக்குக் கீழே, தண்ணீருக்குள்ளிருந்து, ஒரு சிறு வில்லை காதுக்கு எட்டாத ஒலியை மேலே அனுப்பும். தட்டும் சதையும் ஒட்டும் இடத்தில் எதிரொலி கிளம்பித் திரும்பும். சதை மெத்தென்று இருந்தால் எதிரொலி பலமாக வரும். சதை கெட்டிப்பட்டுத் தட்டின் கெட்டிக்குக் கிட்டே வந்துவிட்டால், ஒலிக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றி அது பாட்டுக்குக் கடந்து போய்விடும். திரும்பி வருவது கொஞ்சம்தான். எதிரொலி எங்கே குறைகிறதோ அங்கே கெட்டி. கணினி மெத்தென்ற இடத்தை நீலமாகவும் கெட்டியான இடத்தைச் சிவப்பாகவும் தீட்டிக் காட்டும்.

திரையில் கோடு கோடாகப் படம் இறங்கியது. நீலம், நீலம். பிறகு சிவப்பு. பின் ஓரத்தில் பாதிக்கு மேல் சிவப்பு.

சந்தையில் நிற்கும் ஒரு மனிதரின் குரல் அந்தச் சிவப்புக்குள் போய்ப் புதைவதைப் பார்த்தாள்.

"கெட்டி" என்றாள். "நிறைய இடம்."

மனிஷா பெட்டியை அழுத்தினாள். "சார், என்னோடது சந்தேகம். ஒலியில கெட்டின்னு காட்டுது. பெரிய பகுதி."



"ஆய்து. நான் பின்னால போறேன்." பெட்டி அணைந்தது.

மனிஷா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சொர்ணலதாவுக்கு உட்கார முடியவில்லை. படத்தை மறுபடியும் பார்த்தாள். வழக்கமாகச் சதையின் எல்லையோடு படத்தை வெட்டி, சுற்றியிருக்கும் வெற்று நீரை மறைத்துவிடுவாள்; பார்க்க வசதி. இப்போது ஏனோ அந்த மறைப்பை நீக்கினாள்.

சிவப்பு, சதையோடு நிற்கவில்லை.

சதை முடிந்த இடத்தையும் தாண்டி, வெறும் உப்புநீர் இருக்கிற இடத்துக்குள் வழிந்திருந்தது. நீள்வட்டமாக. மேலே வளைந்து, கீழே இழுபட்டு.

"மனிஷா, தண்ணி கெட்டியாகுமா?"

"என்னக்கா உளர்றீங்க?"

"இங்க பாரு. இது சதையில்லை, தண்ணி. தண்ணியும் கெட்டின்னு சொல்லுது."

மனிஷா எழுந்து வந்து குனிந்தாள். எதிரொலி குறைவதற்கு இரண்டு காரணம் உண்டு. சதை கெட்டியாக இருக்கலாம். இல்லையென்றால், வழியிலேயே ஏதோ ஒன்று ஒலியைத் தின்றிருக்கலாம். சொர்ணலதா தட்டை ஒரு பக்கமாகச் சாய்த்து விளக்குக்கு நேரே அடிப்பக்கத்தைப் பார்த்தாள். மங்கலாக ஒரு பூச்சு. அதில் மெல்லிய வரிகள். விரல் வரிகள்.

இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது.

விடுமுறைக்கு முந்தின நாள் எல்லாப் பிரிவிலும் ஆயுத பூஜை நடந்தது. சொர்ணலதா தன் கருவிப் பக்கம் ஒருத்தரையும் அண்டவிடவில்லை. குங்குமக் கிண்ணத்தோடு வந்த மனிஷா கெஞ்சினாள்: "மெஷினைத் தொட வேண்டாம்க்கா, ஒத்துக்கறேன். பூஜைக்குன்னு ஏதாவது ஒண்ணு குடுங்க. உங்க ஆயுதம் மட்டும் இல்லாம இருந்தா நல்லாருக்குமா? ஒரு தட்டாவது வெய்ங்க." சரி என்று ஒரு தட்டைக் கொடுத்தாள். மனிஷா மோதிர விரலால் சந்தனம் தொட்டு வைத்து, மேலே குங்குமம் இட்டாள். பூஜை முடிந்து எல்லாரும் போனபின், தட்டைக் குப்பையில் போடச் சொர்ணலதாவுக்குக் கை வரவில்லை. பூஜை போட்டதைக் குப்பையில் போடுவார்களா யாராவது? ஒரு தாளால் துடைத்தாள். குங்குமம் போனது, கண்ணுக்குச் சிவப்பு தெரியவில்லை என்றதும் தட்டுப் பெட்டியின் அடியில் செருகி வைத்துவிட்டாள். சந்தனம் போகவில்லை. விடுமுறை நாட்களில் காய்ந்து, பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காக ஒட்டிக்கொண்டு, இன்றைக்காகக் காத்திருந்திருக்கிறது.

மனிஷா தன் மோதிர விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டியை அழுத்து! சீக்கிரம்!"

அழுத்தினாள். பதில் இல்லை. மறுபடி அழுத்தினாள். கரெண்ட் கத்தியின் சீறலும் உறிஞ்சு குழாயின் இரைச்சலும் கேட்டன. இவர்கள் குரல் அங்கே யார் காதிலும் விழவில்லை.

சொர்ணலதா ஓடினாள்.

நடைபாதை திருப்பத்தில் மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்த லிங்கம்மா பதறி எழுந்தாள். "ஏனுங்கம்மணி ஓடறீங்க? அவருக்கு என்னங்க? ஏனுங்!"

நிற்கவில்லை. அறுவை அறை வாசலில் நர்ஸ் கையை விரித்து மறித்தாள்.

"மேடம், செருப்பு! தொப்பி! உள்ள போகக்கூடாது!"

"நான் போகலை. கதவைத் திற. திறன்னா திற!"

கதவு ஒரு சாண் திறந்தது. அந்தச் சந்தில் வாயை வைத்து அவள் கத்தினாள். "சார், வெட்டாதீங்க! நான் சொன்னது தப்பு!"

சீறல் நின்றது. பச்சைத் துணிகளுக்கு நடுவிலிருந்து காளிதாஸின் குரல் மட்டும் வந்தது. திரும்பவில்லை.

"என்ன தப்பு?"

"கெட்டின்னு காட்டினது சதை இல்லை சார். தட்டுல அழுக்கு."

"கோடு போட்டுட்டேன் சொர்ணலதா. இன்னும் ஆழமாப் போகலை, அவ்வளவுதான். என்ன அழுக்கு?"

மாற்றிச் சொல்ல ஒரு கணம் இருந்தது. ஏதோ படலம் என்றோ, தயாரித்தவன் குறை என்றோ சொல்லிவிடலாம். ஆனால் அது என்னவென்று தெரிந்தால்தான் அவர் அந்தச் சிவப்பை முழுசாக மறப்பார்.

"சந்தனம் சார்."

"என்னது?"

"ஆயுத பூஜைச் சந்தனம். நான் சரியாக் கழுவாம பெட்டியில வெச்சுட்டேன்."

மயக்க மருந்துக் கருவி மட்டும் ஒரே தாளத்தில் கூவிக்கொண்டிருந்தது.

"என் கத்திக்குந்தான் பூஜை போட்டாங்க" என்றார் காளிதாஸ். "ஆனா அதைக் கழுவினாங்க."

அவர் வெட்டிய கோட்டில் பஞ்சை வைத்து அழுத்தினார்.

"அப்ப அந்த ஓரம் சுத்தமா?"

"தெரியாது சார். திரும்ப அளக்கணும்."

"அளங்க. ரத்தத்தை அடக்கி வெச்சுக் காத்திருக்கேன். ரொம்ப நேரம் முடியாது. இந்தத் தடவையும் சந்தேகம்னு வந்தா, நான் என் அனுபவத்தை நம்பி வெட்டிடுவேன். உங்க ரெண்டு பேரையும் கேக்க மாட்டேன்."

திரும்பி ஓடினாள். மனிஷா அதற்குள் புதுப் பொட்டலம் ஒன்றை உடைத்து, தட்டை விளக்கில் பார்த்து, வெந்நீரில் அலசி வைத்திருந்தாள். சதைச் சீவலைப் பழைய தட்டிலிருந்து எடுக்க வேண்டும். அது ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. இழுத்தால் கிழியும், கிழிந்தால் எது வெளி ஓரம் என்றே தெரியாது. இதைவிட்டால் வேறு துண்டும் இல்லை.

"உப்புநீர் விடு. சொட்டுச் சொட்டா."

"விடறேன். ஓடி வந்து மூச்சு வாங்குதுக்கா உங்களுக்கு."

"தெரியுது. பேசாத."

"இடுக்கியை எங்கிட்டக் குடுங்க."

சொர்ணலதா கொடுத்துவிட்டாள். சீவல் மெல்ல மிதந்து எழுந்தது. கறுப்பு நூல் தையல் முழுசாக இருந்தது. புதுத் தட்டில், முன்பு இருந்த திசைக்கு எதிர்த்திசையில் படுக்க வைத்தார்கள். கெட்டி சதையில் இருந்தால் சதையோடு திரும்ப வேண்டும். வேறெதிலாவது இருந்தால் அங்கேயே நிற்கும்.

படம் இறங்கத் தொடங்கியது.

நீலம். நீலம். முன்பு சிவந்து கிடந்த இடமெல்லாம் நீலம். சொர்ணலதாவின் கண்ணில் நீர் கட்டியது. போதும், இத்துடன் நின்றுவிடு என்று திரையைக் கெஞ்சினாள்.

கடைசிக் கோடுகளில், தையலுக்குப் பக்கத்து மூலையில், மிளகளவு சிவப்பு எட்டிப் பார்த்தது.

"இல்லை" என்றாள் மனிஷா. "இதுவும் ஏதாவது ஒட்டியிருக்கும்க்கா. விடுங்க. எல்லாம் நீலந்தானே!"

அப்படித்தான் சொல்ல ஆசையாக இருந்தது. எல்லாம் சுத்தம் என்று ஒரு வார்த்தை. அவர் நாக்கோடு எழுந்துவிடுவார். ஒரு முறை தப்பாகச் சொல்லி மானம் போயாயிற்று. இந்த மிளகைச் சொன்னால், இன்னும் ஒரு சந்தனமா என்று கேட்பார். கேட்டுவிட்டு முழுப் பட்டையையும் எடுத்துவிடுவார். சொல்லாமல் விட்டால்?

தட்டை அசைக்காமல் சீவலை ஒரு நூலளவு நகர்த்தினாள். மறுபடி அந்த மூலையை மட்டும் அளந்தாள். சிவப்பும் சதையோடு நகர்ந்தது.

"இது சதையோடயே போகுது மனிஷா. உன் பாதியில இந்த மூலைக்கு நேரா இருக்கற இடம் எது?"

மனிஷா தன் உறைந்த கட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "நான் சீவினது நடுவுல இருந்து. அந்த மூலைக்கு இன்னும் போகலை."

"போ."

சீவினாள். சாயத்தில் முக்கினாள். கண்ணை வைத்தாள். சொர்ணலதா அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முதுகு சட்டென்று நிமிர்ந்தது.

"இருக்கு" என்றாள் மனிஷா. "இங்க கருகல் இல்லை. தெளிவா இருக்கு. இந்த மூலையில மட்டும்."

பெட்டியை அழுத்தியபோது இந்த முறை உடனே பதில் வந்தது.

"சொல்லுங்க."

"சார், பின் ஓரம் சுத்தம், தையல் பக்கத்து மூலையைத் தவிர. மூலையில புற்று இருக்கு. சின்ன இடம்."

"இது யார் சொல்றது? மெஷினா?"

"மெஷின் இடத்தைக் காட்டுச்சு. நான் கண்ணால பாத்தேன்."

"சந்தனம் இல்லையே?"

"இல்லை சார்" என்றாள் சொர்ணலதா. "இடம் மாத்தி வெச்சுப் பாத்துட்டோம்."

"ஆய்து" என்றார் காளிதாஸ். கத்தி சீறுவது கொஞ்சமாகக் கேட்டது, நின்றது. மூலையைச் சுற்றி எடுத்த புதுச் சீவல் வந்தது. அதன் வெளி ஓரம் மனிஷாவின் கண்ணுக்கும் சுத்தம், ஒலிக்கும் நீலம்.

மனிஷா பழைய தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை என்னக்கா பண்றது?" என்றாள்.

"கழிவுக்கு வெச்சிருக்கற சிவப்புப் பையில போடு."

"பூஜை போட்டது…"

"போடுன்னா போடு."

சொர்ணலதா வெளியே வந்தபோது லிங்கம்மா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். துணிப்பை கீழே கிடந்தது.

"இப்பவாச்சும் சொல்லுங்கம்மணி. எதுக்கு ஓடுனீங்க?"

"நான் அளந்த தட்டு அழுக்கா இருந்துதும்மா. அதனால தப்பாச் சொல்லிட்டேன். அதைத் தடுக்க ஓடினேன். தப்பு என்னோடது."

லிங்கம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கழுவறதில்லீங்களா?"

"கழுவலை."

"நல்லாத்தான் இருக்குது, போங்க." கன்னம் துடித்தது. திட்டுவாள் என்று சொர்ணலதா காத்திருந்தாள். "பேசுவாரா?"

"பேசுவார். கொஞ்ச நாளைக்கு வார்த்தை வழுக்கும்."

லிங்கம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நடந்ததை நடந்தபடியே எழுதி ஆய்வுக் குழுவுக்குக் கொடுத்தாள் சொர்ணலதா. சோதனையை நிறுத்தி வைத்தார்கள். கருவிக்கு உறை போட்டாயிற்று. மறுபடி எப்போது என்று யாரும் சொல்லவில்லை. மெழுகில் பதித்துச் சீவிப் பார்த்த கடைசி அறிக்கையும் ஓரங்கள் சுத்தம் என்றே வந்தது. அதன் பிறகுதான் அவளுக்கு வார்டுக்குப் போகக் கால் வந்தது.

"வந்துட்டாங்க பாருங், தட்டுக் கழுவற அம்மணி" என்றாள் லிங்கம்மா.

ரத்தினசாமியின் மூக்கில் உணவுக் குழாய் இருந்தது. கண் சிரித்தது. ஏதோ சொல்லப் பார்த்தார். கூழாகக் குழைந்து வந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு மேசை மேல் இருந்த ஆப்பிளை எடுத்தார். அதை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டி, சொர்ணலதாவின் காதுக்கு நேரே நீட்டினார். எப்படி என்று புருவத்தால் கேட்டார்.

"மெத்துனு இருக்குங்கய்யா."

திருப்தியாகத் தலையாட்டினார். தொண்டையைச் செருமினார். அடுத்த கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒழுதழம்" என்றார். ஒரு தரம் என்று சொல்ல நாக்கு மடங்கவில்லை. கண்ணில் கோபம் வந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக மிதித்து ஏறுகிறவர் மாதிரி, "ரெண்டு… தரம்" என்றார். அந்த வார்த்தை அப்படியே சந்தையிலிருந்து வந்ததுபோல வார்டின் கடைசிச் சுவர் வரை போய்த் திரும்பியது.

மூன்றாவதற்கு எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் ஆப்பிளைக் கீழே வைத்துவிட்டார்.

"அதை இங்க சொல்ல மாட்டாருங்க" என்றாள் லிங்கம்மா. "மூணாந்தரம் சொன்னா ஏலம் முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம்."